கிழங்கு தின்ன வெட்கமா?



நம் சங்கத்தின் கூட்டம் ஒன்றை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். மேடையில் உழவின் உயர்வு பேசப்படுகிறது. உழைப்பவன் சிறப்பு பேசப்படுகிறது. கையொலி மண்டபத்தை அதிரச் செய்கிறது. பேச்சு முடிந்ததும் சிற்றுண்டி வருகிறது. என்ன சிற்றுண்டி? பளபளக்கும் பையில் பாதி காற்றும் பாதி வறுவலுமாக அடைத்துவந்த உருளைக்கிழங்குச் சீவல்! உழவனைப் போற்றிக் கைதட்டிய அதே கை, உழவனின் முகமே அறியாத அந்தப் பையைக் கிழிக்கிறது. அடுத்த நாள் காலையில் மண்டபத்தைப் பெருக்கும் அம்மையாருக்குத்தான் நம் விழாவின் முழு அளவும் தெரியும்.

பிறரைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. நானும் அந்தப் பையைக் கிழித்தவன்தான். ஆனால் அதற்கு முன்பு நான் செய்த இன்னொரு செயல் உண்டு. அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே பேச எனக்கு உரிமை வரும்.

நான் கோலார் தங்க வயலில் பிறந்தவன். மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் புறப்படும் வண்டியில் பெங்களூருக்குப் படிக்க வருகிறவர்களில் ஒருவன். நான்கு மணிக்கு எழுந்து, ஐந்து மணிக்கு நிலையத்தில் நிற்க வேண்டும் என்றால் வீட்டில் அடுப்பு எப்போது எரிவது? ஆகவே முதல்நாள் இரவே வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு இரண்டை டப்பாவில் வைத்துக் கொடுப்பாள் என் ஆயா. கல்லூரிக்கு வந்த முதல் மாதம், வகுப்பு இடைவேளையில் அந்த டப்பாவைத் திறந்தேன். பக்கத்தில் இருந்த தோழர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். “என்னப்பா, பஞ்சம் பிழைக்க வந்தவன் மாதிரி கிழங்கு கொண்டுவந்திருக்கிறாய்?” என்றார். அவர் கெட்டவர் அல்லர். விளையாட்டாகச் சொன்ன சொல்தான். ஆனால் நான் டப்பாவை மூடினேன். மாலையில் அந்தக் கிழங்கைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அதன் பிறகு ஏறக்குறைய ஓர் ஆண்டு, கொடுத்த கிழங்கை வாங்கிக்கொண்டு வந்து வழியிலேயே எறிந்தேன்.

இரவு வீட்டுக்குப் போனால் ஆயா கேட்பாள்: “ஏண்டா கண்ணு, கெழங்கு துன்னியா?”

“துன்னேன் ஆயா” என்பேன்.

அந்தப் பொய்யைத் திருத்துவதற்காகவே இந்தக் கட்டுரை.

சுரங்க வாயிலில்

நான் எறிந்தது எதை என்பதை நான் பின்னால்தான் அறிந்தேன். என் தாத்தா சாம்பியன் ரீப் சுரங்கத்தில் வேலை செய்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற சுரங்கம் அது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக எண்ணப்பட்டது. அவ்வளவு ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைத் தாண்டும். குளிர்காற்றைக் கீழே செலுத்தித்தான் மனிதர் அங்கே நிற்க முடிந்தது. அந்த அனலில் எட்டு மணி நேரம் உழைத்து மேலே வருகிறவனுக்கு, வீடு போய்ச் சேரும்வரை வயிறு பொறுக்காது. சங்கு ஊதி ஷிப்டு மாறும் வேளையில், வாயிலுக்கு வெளியே கூடையுடன் உட்கார்ந்திருந்த பெண்களில் என் ஆயாவும் ஒருத்தி. கூடையில் ஈரத்துணி மூடிய கிழங்கும் வேர்க்கடலையும் இருக்கும். அந்தக் கூடையின் வருவாயில்தான் என் தந்தை பள்ளிக்கூடம் சென்றார்.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் வேலையை நிறுத்தியது. நூறாண்டுக்கு மேல் ஊதிய சங்கு ஓய்ந்தது. நான் பிறப்பதற்கு முன்பே நடந்தது இது. வேலை தேடி ஊரே வண்டி ஏறியது. இன்றும் விடியற்காலையில் பெங்களூருக்கு வந்து இரவில் திரும்பும் ஆயிரக்கணக்கானோர் அந்த மாற்றத்தின் பிள்ளைகள்தாம். ஆயாவும் கூடையைத் தூக்கிக்கொண்டு சுரங்க வாயிலை விட்டு நிலைய வாயிலுக்கு வந்தாள். உண்பவன் மாறவில்லை. மண்ணுக்கடியில் போனவன் இப்போது நகரத்துக்குப் போகிறான். அவ்வளவே வேறுபாடு. வெறும் வயிற்றோடு போகிறான் என்பது மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்த வெறும் வயிறு கற்பனை அன்று. எங்கள் வண்டியில் வரும் மாணவ மாணவியரைக் கேட்டுப் பாருங்கள். காலையில் ஒரு தேநீர். பதினொரு மணிக்கு ஒரு பை வறுவல். மதியம் கிடைத்தால் சோறு. பங்காரப்பேட்டை தாண்டியதும் தலைசுற்றி, நின்ற இடத்திலேயே சரிந்த ஒரு தங்கையைத் தாங்கிப் பிடித்தவர்களில் நானும் ஒருவன். “இராத்திரி சாப்பிட்டதுதான் அண்ணா” என்றாள், கண் விழித்ததும். அன்று என் பையில் ஆயா கொடுத்த கிழங்கு இருந்தது. எறிவதற்காக வைத்திருந்த கிழங்கு! அதை அந்தப் பெண் உண்டாள். நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

வந்த இடத்தில் வேர்விட்ட கொடி

“இது ஏழையின் உணவு” என்று இகழ்வோர் ஒருபுறம். “இது நம் பழந்தமிழர் உணவு” என்று ஒரேயடியாகப் புகழ்வோர் மறுபுறம். இருவருக்கும் ஒரு செய்தி. வள்ளிக்கிழங்கு என்ற பெயர் நமக்குப் பழையது. வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்ததால்தான் முருகன் மணந்த குறமகளுக்கு வள்ளி என்று பெயர் வந்ததாகக் கதை. ஆனால் அந்தக் கிழங்கு வேறு. இன்று நாம் தின்னும் சர்க்கரைவள்ளி அமெரிக்க நாடுகளில் தோன்றியது. கொலம்பசின் பயணங்களுக்குப் பிறகு, மிளகாயைப் போலவே கடல் கடந்து நம்மிடம் வந்தது. வந்த விருந்தாளிக்கு நம் மக்கள் வீட்டிலிருந்த பழைய பெயரைக் கொடுத்து, முன்னால் ‘சர்க்கரை’யைச் சேர்த்தார்கள். கன்னட நண்பர்கள் ‘கெணசு’ என்கிறார்கள்.

இந்தக் கிழங்குக்கு விதை தேடி அலைய வேண்டாம். கொடியில் ஒரு சாண் வெட்டி ஈரமண்ணில் செருகினால் போதும், அங்கே வேர் பிடித்துக்கொள்ளும். நான்கு மாதத்திற்குள் கிழங்கு கொடுக்கும். நெல்லுக்கு வேண்டிய நீரில் சிறு பங்கே இதற்குப் போதும். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வெட்டியெடுத்து வந்து தங்க வயலில் நடப்பட்ட எங்கள் மக்களுக்கு இந்தக் கொடியின் வாழ்க்கை அயலானதன்று. இதைப் பார்த்து நான் வெட்கப்பட்டேன் என்றால், யாரைப் பார்த்து வெட்கப்பட்டேன்?

ஜப்பானியர் வெட்கப்படவில்லை. அங்கே 1732-இல் மேற்குப் பகுதியைக் கொடும் பஞ்சம் தாக்கியது. அதையடுத்து, 1735-இல் ஆவோகி கொன்யோ என்னும் அறிஞர் ஏடோவில், இன்றைய தோக்கியோவில், இந்தக் கிழங்கைப் பயிரிட்டுக் காட்டிப் பரப்பினார். நூல் பல கற்ற அந்தப் பெரியவரை மக்கள் ‘கிழங்கு ஆசான்’ என்றே அழைத்தார்கள். அதை இழிவென்று யாரும் எண்ணவில்லை. இன்றும் குளிர்காலத்தில் சூடான கல்லில் சுட்ட கிழங்கை அந்நாட்டு நகரத்தார் விரும்பி வாங்கி உண்கிறார்கள். கிழங்கு தின்பதால் நாகரிகம் குறையுமானால் தோக்கியோவின் நாகரிகம் என்றோ குறைந்திருக்க வேண்டும்!

உள்ளே என்ன இருக்கிறது?

உணர்ச்சி போதும், இனிக் கணக்குப் பார்ப்போம். நம் நாட்டு உணவு ஆராய்ச்சிக்குத் தமிழ் மண்ணிலும் வேர் உண்டு. 1918-இல் குன்னூரில் ஒரே ஓர் அறையில் இராபர்ட் மக்காரிசன் தொடங்கிய ஆய்வுக்கூடம் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குச் சென்று, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. அத்தகைய ஆய்வாளர்கள் நம் உணவுப் பொருள்களை அளந்து கொடுத்ததால்தான் இன்று நாம் ஊகத்தை விட்டு எண்ணைக் கொண்டு பேச முடிகிறது.

நம் சந்தையில் கிடைக்கும் சர்க்கரைவள்ளி 100 கிராமில் ஏறத்தாழ 120 கலோரி ஆற்றல் உண்டு. மாவுச்சத்து 28 கிராம் அளவில் இருக்கும். கொழுப்பு அரை கிராம்கூட இல்லை. உயிர்ச்சத்து ‘சி’ 20 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. வேகும்போது அதில் ஒரு பகுதி போய்விடும். பொட்டாசியமும் நார்ச்சத்தும் குறிப்பிடத்தக்க அளவில் உள்ளன. தோலோடு வேகவைத்தால் சத்து அதிகம் வீணாகாது.

பையில் அடைத்த உருளை வறுவல் 100 கிராமில் ஏறத்தாழ 540 கலோரி. அதில் மூன்றில் ஒரு பங்கு எடை எண்ணெய். மேலே தூவிய உப்பு தனி. “ஆற்றல் அதிகம் என்றால் நல்லதுதானே?” என்று கேட்கலாம். வயிறு நிறையுமுன்பே கலோரி நிறைந்துவிடுவதுதான் அதன் தொல்லை. இரண்டு கிழங்கு தின்றவன் போதும் என்கிறான். ஒரு பை வறுவல் தின்றவன் இன்னொரு பை எங்கே என்கிறான். எடைக்கு எடை பார்த்தால் விலையும் பல மடங்கு. ஏழையின் உணவு என்று நாம் ஒதுக்கிய பொருளுக்குப் பதிலாக, பணம் படைத்தவனும் எண்ணிச் செலவிட வேண்டிய பொருளை ஏழை மாணவன் வாங்குகிறான்!

நிறத்தில் இருக்கிறது நுட்பம்

இங்கே ஓர் எச்சரிக்கை. “சர்க்கரைவள்ளியில் உயிர்ச்சத்து ‘ஏ’ கொட்டிக் கிடக்கிறது” என்று பலர் எழுதுகிறார்கள். அது எல்லாக் கிழங்குக்கும் பொருந்தாது. கண்ணுக்கு ஒளிதரும் அந்தச் சத்தாக உடலில் மாறுவது பீட்டா கரோட்டின் என்னும் மஞ்சள் நிறப்பொருள். கிழங்கின் உட்சதை ஆரஞ்சு நிறமாக இருந்தால்தான் அது நிறைய உண்டு. நம் கூடைகளில் பெரும்பாலும் இருப்பது தோல் சிவந்து, உள்ளே வெளுத்த கிழங்கு. அதில் கரோட்டின் சில மைக்ரோகிராம் அளவே தேறும். என் ஆயாவின் கிழங்கும் இதில் அடக்கம். அன்புக்காக அறிவியலை வளைக்கக் கூடாது.

ஆனால் வழி அடைபடவில்லை. திருவனந்தபுரத்தில் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கிவரும் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் ‘பூ சோனா’ என்ற ஆரஞ்சுச் சதைக் கிழங்கை வெளியிட்டுள்ளது. அதன் 100 கிராமில் 14 மில்லிகிராம் அளவுக்குப் பீட்டா கரோட்டின் உண்டு. வளர்ந்த ஒருவரின் ஒருநாள் உயிர்ச்சத்து ‘ஏ’ தேவையை ஒரு சிறு கிழங்கே எட்டிப் பிடிக்கும் அளவு இது. இத்தகைய ஆரஞ்சுக் கிழங்கை ஆப்பிரிக்க நாடுகளில் பரப்பிக் குழந்தைகளின் கண்ணைக் காக்கப் பாடுபட்ட மரியா ஆந்திராடே, இராபர்ட் முவாங்கா, ஜான் லோ ஆகியோருக்கு 2016-ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு, ஹோவார்த் பூயிசுடன் சேர்த்து வழங்கப்பட்டது. கிழங்குக்காகப் பாடுபட்டவர்களை உலகம் மேடையேற்றிப் பாராட்டுகிறது. நாம் டப்பாவை மூடுகிறோம்!

பூ சோனாவின் கொடி கோலார் மாவட்டத்துச் செம்மண்ணுக்கும் வந்து சேர வேண்டும். நம்முள் வேளாண்மை படிப்போர் இருக்கிறார்கள். இதைவிட நல்ல விடுமுறைப் பணி அவர்களுக்கு வேறென்ன வேண்டும்? நடுகிற இடம் மட்டும் சயனைடு மேடுகளை விட்டுத் தொலைவில் இருக்கட்டும். சுரங்கக் கழிவு கலந்த மண் உணவுப்பயிருக்கு ஏற்றதன்று.

இனிப்பின் இரகசியம்

சுவையில்லாத உணவை யாரும் சத்துக்காகத் தின்னமாட்டார்கள். இந்தக் கிழங்கின் சுவை சமைக்கும் முறையில் இருக்கிறது. ஆயா கிழங்கை வாங்கியதும் வேகவைக்க மாட்டாள். நிழலில் சில நாள் காற்றாட வைப்பாள். பிறகு பானையின் அடியில் கொஞ்சம் நீர் விட்டு, கிழங்கை அடுக்கி, ஒரு சிட்டிகை உப்புத் தூவி, மூடி, சிறு தீயில் வைப்பாள். “அவசரப்பட்டா கெழங்கு இனிக்காது” என்பாள்.

அவள் சொன்னதற்கு வேதியியல் விளக்கம் உண்டு. கிழங்கினுள் அமைலேஸ் என்னும் நொதி இருக்கிறது. மாவுச்சத்தை மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாக உடைப்பது அதன் வேலை. 60 முதல் 75 பாகை வரையுள்ள வெப்பத்தில் அது சுறுசுறுப்பாக வேலை செய்யும். அதற்கு மேல் சூடேறினால் செயலிழந்துவிடும். சிறு தீயில் மெல்லச் சூடேறும் கிழங்கில் நொதிக்கு நேரம் கிடைக்கிறது, இனிப்புக் கூடுகிறது. கடும் தீயில் விரைந்து வெந்தால் நேரம் கிடைப்பதில்லை. சோதனைக்குழாயைத் தொட்டே அறியாத என் ஆயா, சோதனைக்குழாயோடு பழகும் எனக்குக் கற்பித்த பாடம் இது.

சில மறுப்புகள்

“இவ்வளவு இனிப்பானால் நீரிழிவுக்காரருக்கு ஆகாதே” என்பீர்கள். சமைக்கும் முறையைப் பார்க்க வேண்டும். ஜமைக்காவில் நடந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், வேகவைத்த கிழங்கின் சர்க்கரை உயர்வுக் குறியீடு 41 முதல் 50 வரை இருந்தது. சுட்ட கிழங்குக்கு அது 79 முதல் 93 வரை ஏறியது. ஆகவே நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு, வேகவைத்ததை அளவோடு உண்ணட்டும். சுட்டதைத் தவிர்க்கட்டும்.

“வயிற்றில் வாயு சேருமே” என்பது இரண்டாவது மறுப்பு. சிலருக்குச் சேரும், மெய்தான். ஒரே மூச்சில் ஐந்து கிழங்கு விழுங்காமல் ஒன்றிரண்டோடு நிறுத்தினால் பெரும்பாலோர்க்குத் தொல்லையில்லை.

“கிழங்கையே சீவி வறுத்து அழகான பையில் விற்கிறார்களே, அதை வாங்கலாமே” என்பது மூன்றாவது. எண்ணெயில் விழுந்த பிறகு உருளை என்ன, வள்ளி என்ன? பையின் மேல் இருக்கும் படத்தை விட்டு, பின்னால் சிறிய எழுத்தில் அச்சிட்ட கொழுப்பின் அளவைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான்காவது மறுப்பு வலுவானது. கிழங்கில் புரதம் மிகக் குறைவு. 100 கிராமில் ஒன்றரை கிராம் தேறுவதே அரிது. கிழங்கை மட்டுமே தின்று வளர முடியாது. உண்மை. ஆனால் நம் மக்கள் அதைத் தனியாக எங்கே தின்றார்கள்? ஆயாவின் கூடையில் கிழங்குக்குப் பக்கத்தில் வேர்க்கடலை இருந்ததே! பொங்கல் நாளில், நம் கன்னட அண்டை வீட்டார் சங்கராந்தி கொண்டாடும் அதே நாளில், வேகவைத்த கிழங்கும் அவரையும் கடலையும் ஒரே தட்டில்தானே வருகின்றன? 30 கிராம் கடலையில் ஏழு கிராமுக்கு மேல் புரதம் உண்டு. கடலையில் உள்ள கொழுப்பு, ஆரஞ்சுக் கிழங்கின் கரோட்டினை உடல் ஏற்றுக்கொள்ளவும் துணைசெய்யும். ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும் அந்தத் தட்டை நம் முன்னோர் வகுத்து வைத்திருக்கிறார்கள். நாம் அதைத் திரும்ப எடுத்து வைத்தால் போதும்.

சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள்

பெரிய புரட்சி எதையும் நான் கேட்கவில்லை. வரும் பொங்கல் விழாவில் பைகளை நிறுத்துவோம். வேகவைத்த சர்க்கரைவள்ளியும் கடலையும் அவரையும் இலைத்தொன்னையில் வைத்துக் கொடுப்போம். கிழங்கைக் கடையில் வாங்காமல், நிலையத்து வாயிலில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் தாய்மாரிடம் முன்கூட்டியே சொல்லி வாங்குவோம். விழா முடிந்தபின், வாரத்தில் இரண்டு நாளேனும், விடியல் வண்டியில் வரும் தோழர்களுக்கு முதல் வகுப்புக்கு முன் சங்க அறையில் ஒரு தட்டுக் கிழங்கு கிடைக்க ஏற்பாடு செய்வோம். ஒருவருக்கு இரண்டு கிழங்கு என்றால் செலவு என்ன ஆகிவிடப் போகிறது? ஒரு விழாவின் வண்ணத் தோரணச் செலவில் ஒரு மாதக் கிழங்கு வந்துவிடும் என்பது என் கணிப்பு. பொருளாளர் கணக்கிட்டுச் சொல்லட்டும். தவறென்றால் திருத்திக்கொள்கிறேன்.

பசியோடு வருகிறவனுக்குப் பழம்பெருமை காதில் ஏறாது. பக்கத்தில் இருப்பவனின் டப்பாவைப் பார்த்துச் சிரிக்காத ஒரு சங்கமே தமிழை வளர்க்கத் தகுதியுடைய சங்கம். மேடைப் பேச்சு அதற்குப் பிறகு வரட்டும்.

இப்போது நான் டப்பாவைத் திறந்து வைத்தே தின்கிறேன். அன்று சிரித்த தோழர் சென்ற மாதம் அருகில் வந்து உட்கார்ந்தார். ஒன்றை எடுத்துக்கொண்டார். தோலை உரித்து, கடித்து, சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நாளைக்கும் கொண்டுவருவாயா?” என்றார். அன்று இரவு வீட்டில் வழக்கமான கேள்வி வந்தது.

“ஏண்டா கண்ணு, கெழங்கு துன்னியா?”

“ஒண்ணுதான் துன்னேன் ஆயா. இன்னொண்ணை ஃபிரண்டு துன்னுட்டான்” என்றேன்.

மறுநாள் டப்பாவில் நான்கு கிழங்கு இருந்தன.